நெஞ்சில் கோத்த தண்ணீர்: மறுகாலா, ஊற்றா?

படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாலு நாளாகத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று சொல்லி அந்த அண்ணாச்சியை அழைத்து வந்தார்கள். களக்காடு பக்கம் வாழைத்தார் வியாபாரம். மதுவைத் தொட்டவர் இல்லை. இருபது வருடச் சர்க்கரையும் அதோடு சேர்ந்த கொழுப்பும் கல்லீரலைச் சுருக்கிவிட்டன. தெரியவந்து இரண்டு வருடம் ஆகிறது. வயிற்றில் கொஞ்சம் நீர், கால் வீக்கம், அதற்கான மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. கையில் புது எக்ஸ்ரே. வலது பக்க நெஞ்சு பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது.

கூட வந்த மதினி ஒரே மூச்சில் கேட்டார்: "லிவர்ல இருந்து வந்த தண்ணிதானே டாக்டர்? மாத்திரையக் கூட்டிக் குடுத்தா வத்தாதா? ஊசி குத்தி எடுத்தா ஆளு தேறமாட்டாவன்னு எல்லாரும் சொல்லுதாவளே."

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. மாத்திரையைக் கூட்டிப் பார்ப்பதா, ஊசி போட்டு எடுத்து அது என்ன தண்ணீர் என்று பார்ப்பதா? அல்லது நேரே சி.டி. ஸ்கேனுக்குப் போய்விடலாமா, பெரிய ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுவிடுவார்களா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றிய கல்லீரல் நோய் உள்ளவரின் நெஞ்சில் புதிதாக நீர் தெரிந்தால், அல்ட்ராசவுண்ட் பார்த்து, மெல்லிய ஊசியால் ஒரு முறையாவது எடுத்துச் சோதிக்க வேண்டும். மற்ற சோதனைகள் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருபவை. அதன் இடத்தைப் பிடிப்பவை அல்ல.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 'நுரையீரல்ல தண்ணி' என்று பேச்சில் சொல்கிறோம். அது நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. அந்த உறைகளின் இடைவெளியில்தான் நீர் சேர்கிறது. வெளியிலிருந்து நுரையீரலை அமுக்குகிறது. அதனால்தான் ஊசியால் எடுக்க முடிகிறது.

நம் பக்கத்துக் குளத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் மறுகால் பாயும், அதாவது மிஞ்சிய நீர் கீழே வயலுக்கு வழிந்தோடும். இங்கே குளம் வயிறு, வயல் நெஞ்சு. கல்லீரல் சுருங்கி இறுகும்போது குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது, உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. பழைய ஆட்கள் மகோதரம் என்பார்கள். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள தசைத் திரைக்கு உதரவிதானம் என்று பெயர். அதில் சிலருக்குச் சின்னத் துளைகள் இருக்கும், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதால், வயிற்று நீர் அந்தத் துளை வழியே மேலே உறிஞ்சப்படுகிறது. திரையின் வலது பாதியில் தசை குறைவு, நார் அதிகம். துளை விழுவதும் அங்கேதான் அதிகம். ஆகவே இப்படிச் சேரும் நீர் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வலப்பக்கம்தான் இருக்கும்.

ஹெப்பாட்டிக் ஹைட்ரோதோராக்ஸ் என்று இதற்குப் பெயர். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வருகிறது. வயிறு ஐந்து லிட்டரைக்கூடத் தாங்கிக்கொள்ளும். நெஞ்சு ஒன்று, ஒன்றரை லிட்டருக்கே திணறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்கு வயிற்றில் நீரே தெரியாது. ஊறுகிற வேகத்திலேயே அத்தனையும் மேலே போய்விடும். குளம் வறண்டு கிடக்கும், கீழே வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

சரி, வயலில் நிற்பதெல்லாம் மறுகால் தண்ணீர்தானா? வயலிலேயே ஊற்றுக் கண் திறந்திருக்கலாம் அல்லவா? காசநோய், நிமோனியா, நெஞ்சுக்குள் புற்றுநோய் என்று உறையிலேயே ஊறும் நீர் உண்டு. இதயம் பலவீனமானாலும், சிறுநீரில் புரதம் கொட்டினாலும் நீர் சேரும். கல்லீரல் கெட்டவருக்கு இவை எதுவும் வராது என்று எந்த விதியும் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்பதால் கிருமித் தொற்று அவருக்குத்தான் சுலபமாக வரும்.

ஊகித்து மருந்து கொடுத்தால்

ஊகம் செய்வதற்கும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வலப்பக்க நீர், வயிற்றிலும் நீர், காய்ச்சல் இல்லை, நெஞ்சு வலி இல்லை, சளியில் ரத்தம் இல்லை, எடை திடீரென்று இறங்கவில்லை. இப்படி எல்லாம் பொருந்தி வந்தால் பெரும்பாலும் கல்லீரல் நீராகத்தான் இருக்கும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளான ஸ்பைரனோலாக்டோன், ஃப்ரூஸமைடு அளவைக் கூட்டி, உப்பைக் குறைத்தால் பலருக்கு வற்றவும் செய்யும். ஊசிக்குப் பயந்த நோயாளிக்கும், பஸ் ஏறிப் போக ஆள் இல்லாத வீட்டுக்கும் அது சுலபமான வழி. முன்பே ஒரு முறை எடுத்துப் பார்த்து உறுதியான ஆளுக்கு, அதே பக்கம், அதே மாதிரி திரும்பக் கோத்து, புதிதாக வேறு எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் நானும் சில சமயம் ஊசி இல்லாமல் மருந்தைத்தான் மாற்றுகிறேன்.

ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிப் புதிய நீரை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. காரணம் என் தாய்மாமா. அவருக்குக் கல்லீரல் சுருக்கம் இருந்தது உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் அவருக்கு இடது பக்கம் நீர் கோத்தது. அப்போது பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் லிவர் தண்ணீர் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினார்கள். என்னிடமும் போனில் கேட்டார்கள்; நானும் சரி என்றேன். மூன்று வாரம் ஓடியது. நீர் இறங்கவில்லை. சிறுநீர் குறைந்தது, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது, ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆள் பேச்சு குழறினார். அப்புறம்தான் ஊசி போட்டு எடுத்தோம். வைக்கோல் நிறத் தண்ணீர், அதில் லிம்போசைட் வகை வெள்ளணுக்கள் மிகுதி, காசநோயில் ஏறும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 40 என்ற வரம்பைத் தாண்டி வெகு மேலே. காசநோய். அந்த மூன்று வாரமும் நாங்கள் கொடுத்த மாத்திரை ஊற்றை அடைக்கவில்லை, சிறுநீரகத்தைத்தான் வாட்டியது. மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் காசநோய் மருந்துகளில் முக்கியமான மூன்று, கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கல்லீரல் கெட்டவருக்கு அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே தனிக் கணக்கு. அந்தக் கணக்கை மூன்று வாரம் முன்னால் போட்டிருக்கலாம்.

இடது பக்கம் மட்டும் நீர் என்பதே அன்று எங்களை உலுக்கியிருக்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் இருப்பது, வயிற்றில் நீரே இல்லாமல் நெஞ்சில் மட்டும் இருப்பது, காய்ச்சல், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, திடீர்க் குழப்பம், சிறுநீரகம் மோசமாவது. இதில் எந்த ஒன்று இருந்தாலும் ஊகத்துக்கே இடம் கிடையாது.

எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்

எக்ஸ்ரே எங்கும் கிடைக்கும், சல்லிசு, பத்து நிமிட வேலை. நின்றபடி நேராக எடுக்கும் படத்தில் ஏறக்குறைய 200 மில்லி சேர்ந்தால்தான் ஓரத்துக் கோணம் மழுங்கித் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் 50 மில்லி போதும். நீர் இருக்கிறதா, எந்தப் பக்கம், இதயம் பெரிதாக இருக்கிறதா, நுரையீரலில் வேறு நிழல் உண்டா என்பது வரை சொல்லும். நீரின் குணத்தைச் சொல்லாது. மகோதரம் உள்ளவர்களிடம் ஒரு ஏமாற்றும் உண்டு: வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளியிருந்தால், அதுவே படத்தில் நீர் போலத் தெரியும்.

அந்த இடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியாத இருபது மில்லி அளவு நீரைக்கூட அது காட்டிவிடும். கதிர்வீச்சு கிடையாது, நோயாளியின் கட்டிலுக்கே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வரலாம். திரையில் கறுப்பாக நீர், அதற்குள் மீன் வால்போல அசையும் நுரையீரல் நுனி, கீழே வெள்ளைக் கோடாக உதரவிதானம், அதற்கும் கீழே கல்லீரல். இந்த வரிசையைப் பார்த்துவிட்டால், இருப்பது நெஞ்சு நீரா, வயிற்று நீரா என்ற குழப்பம் தீர்ந்துவிடும். நீருக்குள் சிலந்தி வலைபோல இழைகள் ஓடினால் அது வெறும் கல்லீரல் நீராக இருப்பது கடினம். தொற்றையோ காசநோயையோ தேட வேண்டும். அதே ஸ்கேனில் வயிற்றையும் பார்த்துவிடலாம், கல்லீரலில் கட்டி ஏதும் தெரிகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எது என்று கேட்டால், அல்ட்ராசவுண்ட் என்பேன். அது சோதனை மட்டும் இல்லை. அடுத்து வரும் ஊசிக்கு வழிகாட்டியும் அதுதான். வலது பக்கம் உதரவிதானத்துக்கு நேர் கீழே கல்லீரல் இருக்கிறது. கையால் தட்டிப் பார்த்து உத்தேசமாக ஊசி போட்ட காலம் ஒன்று உண்டு. இன்று ஸ்கேன் பார்க்காமல் அங்கே ஊசியைச் செலுத்த நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊசி

மதினி சொன்ன பயத்துக்கு வருகிறேன். 'தண்ணி எடுத்தா ஆளு தேறமாட்டாவ' என்பதை நான் கேட்காத ஊர் இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நோய் மிகவும் முற்றிய பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் முன்பெல்லாம் நீர் எடுத்தார்கள். எடுத்த சில வாரத்தில் ஆள் போய்விட்டால், பழி ஊசியின் தலையில் விழுந்தது. ஆளைக் கொண்டுபோனது நோய்.

படித்தவர்களிடம் இன்னொரு பயம்: ரத்தம் உறைய நேரமாகும் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே, ஊசி போட்டால் ரத்தம் நிற்குமா? ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். கல்லீரல் நோயில் அது ஏறியும், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தும் இருப்பது சகஜம். ஆனால் இவர்களுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள் குறையும்போதே, உறையாமல் தடுக்கும் பொருள்களும் குறைந்துவிடுகின்றன. ஐ.என்.ஆர். முதல் பாதியை மட்டும்தான் அளக்கிறது. ஆகவே அந்த எண்ணை வைத்து ரத்தக்கசிவைக் கணிக்க முடியாது. எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்றிவிட்டு ஊசி போட வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்றினால் உடம்பில் நீர்தான் கூடும். தட்டணு மிக மிகக் குறைவாக இருந்தாலோ, வேறு எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ மருத்துவர் தனியாக யோசிப்பார். உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்து நுரையீரலில் ஊசி பட்டுக் காற்றுக் கசிவது. ஸ்கேன் பார்த்துப் போடும்போது அந்த ஆபத்து குறைந்துவிடுகிறது.

செய்யும் முறை இப்படி இருக்கும். நோயாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை மடித்துச் சாய்ந்துகொள்வார். முதுகுப் பக்கம் ஸ்கேன் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி. மரத்துப்போக ஊசி, அந்த எரிச்சல்தான் அவர் உணரும் பெரிய வலி. பிறகு விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி இறங்கும்; கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போகக் கூடாது. சோதனைக்கு மட்டும் என்றால் 50, 60 மில்லி போதும். மூச்சுத் திணறலைக் குறைக்கவும் வேண்டும் என்றால் ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை மெதுவாக எடுக்கலாம். இடையில் இருமல் வந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ நிறுத்திவிட வேண்டும். அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோக்கும் அபாயம் உண்டு.

வயிறும் பானைபோல நிறைந்திருந்தால் வயிற்று நீரை முதலில் எடுப்பது நல்லது. குளத்தை அப்படியே நிறைய விட்டுவிட்டு வயலை மட்டும் இறைத்தால், மறுநாள் காலை பழையபடி நிற்கும்.

எடுத்த தண்ணீர் எந்தப் பாட்டிலில் போகிறது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. அணுக்களை எண்ண, உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள குழாய், அதாவது ஊதா மூடிக் குழாய். கிருமி வளர்ப்புக்கு, ரத்தக் கிருமிச் சோதனைக்கு வைத்திருக்கும் பாட்டிலிலேயே கட்டில் பக்கத்தில் நின்று பத்து மில்லி ஏற்ற வேண்டும். சாதாரண டப்பாவில் அனுப்பினால் இருக்கும் கிருமியும் வளராமல் போகலாம். மொத்தப் புரதம், அதில் ஒரு வகையான ஆல்புமின், எல்.டி.எச். என்ற நொதி, சர்க்கரை, ஏ.டி.ஏ. பார்க்கத் தனிக் குழாய். புற்றணுச் சந்தேகம் என்றால் கொஞ்சம் தாராளமாக நீர் வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: அதே நாளில் கையிலிருந்து ரத்தமும் எடுத்துப் புரதம், ஆல்புமின், எல்.டி.எச். பார்க்க வேண்டும். நெஞ்சு நீரின் எண்கள் தனியாக நின்றால் பொருள் தராது, ரத்த எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் பேசும். நீரை மட்டும் அனுப்பி, ரத்தத்தை மறந்துவிட்டு, அரைகுறை ரிப்போர்ட்டோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். குத்துவதைக் குத்தியாகிவிட்டது, பலன் மட்டும் பாதி.

ரிப்போர்ட் சொல்வது

ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-ல் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. நெஞ்சு நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல், எல்.டி.எச். ரத்த அளவில் 0.6 பங்குக்கு மேல், அல்லது நீரின் எல்.டி.எச். ரத்தத்துக்கான இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அது உறையிலேயே ஊறிய நீர். மூன்றும் இல்லை என்றால் வடிந்து வந்த நீர். கல்லீரல் நீர் இந்த வகை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நம் நோயாளிகள் அடிக்கடி அதில்தான் விழுகிறார்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டு வருபவர்களுக்கு நெஞ்சு நீர் கெட்டிப்பட்டு, வடிந்து வந்த நீரே ஊற்று நீர்போல வேஷம் போடும். உதாரணமாக டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் ரத்தத்தில் புரதம் 6.8, நெஞ்சு நீரில் 3.5 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 0.51. லைட் கணக்குப்படி ஊற்று. உடனே காசநோய், புற்றுநோய் என்று வீடே கலங்கிப்போகும். அதே ரிப்போர்ட்டில் ஆல்புமினைப் பாருங்கள்: ரத்தத்தில் 2.6, நீரில் 1.2. கழித்தால் 1.4. இந்த வித்தியாசம் 1.1-க்கு மேல் இருந்தால் கல்லீரல் நீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். வகுத்தல் ஒன்று சொல்கிறது, கழித்தல் வேறொன்று சொல்கிறது. மாத்திரை சாப்பிடுபவரிடம் நான் கழித்தலை நம்புகிறேன், மற்ற அறிகுறிகளும் ஒத்துப்போனால்.

இதைவிட அவசரமான எண் ஒன்று உண்டு. நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்கள். கல்லீரல் நீர் என்றால் ஒரு கன மில்லிமீட்டரில் 250-க்குக் கீழே இருக்கும். 500-ஐத் தாண்டினால், அல்லது 250-ஐத் தாண்டிக் கிருமியும் வளர்ந்தால், எக்ஸ்ரேயில் நிமோனியா இல்லாதபோதும், தேங்கிய நீரிலேயே தொற்று பிடித்துவிட்டது என்று பொருள். உயிரைப் பறிக்கக்கூடியது. கிருமி வளர்ப்பு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே நரம்பு வழியே மருந்து தொடங்க வேண்டும்.

சில இடங்களில், வயிற்று நீரைச் சோதித்தோம், சுத்தமாக இருக்கிறது, நெஞ்சில் எதற்கு இன்னொரு ஊசி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத்தான் தோன்றும். ஆனால் நெஞ்சு நீரில் இந்தத் தொற்று வந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு வயிற்று நீரில் தொற்றே இருப்பதில்லை. காய்ச்சல்கூட இல்லாமல், வெறும் குழப்பமும் தூக்கக் கலக்கமுமாகவும் வரலாம்.

நீரின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பதும் உதவும். வெளிர் மஞ்சள் வழக்கமானது. பால்போல இருந்தால் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்க்க வேண்டும். ரத்தம் கலந்திருந்தால் புற்றுநோயை நினைக்க வேண்டும். சீழ் என்றால் அது வேறு கதை.

மற்ற வழிகள்

இதய எக்கோவை நான் சி.டி.க்கு முன்னால் வைப்பேன். இதயம் சரியாக அடிக்காததால் சேர்ந்த நீரையும் அது காட்டிக்கொடுக்கும். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. பழைய காசநோயால் இதயத்தின் வெளியுறை தடித்து இறுகிப்போனால், வயிறு வீங்கும், கால் வீங்கும், கல்லீரல் பெருக்கும், நெஞ்சிலும் நீர் கோக்கும். அச்சாகக் கல்லீரல் சுருக்கம்போலவே தெரியும். வருடக்கணக்கில் லிவர் நோயாளி என்று மருந்து சாப்பிட்டு, கடைசியில் நோய் இதய உறையில் இருந்தது என்று தெரியவந்தவர்கள் உண்டு. வயிற்று நீரில் புரதம் 2.5-க்கு மேல் இருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சின்னச் சோதனை.

சி.டி. ஸ்கேன் மேல் நம் ஆட்களுக்குப் பெரிய நம்பிக்கை. 'சி.டி. எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிருமே' என்பார்கள். நுரையீரலில் கட்டி, நிமோனியா, ரத்தக்கட்டி, தடித்த உறை, இவை தெரியும். நீரின் குணம் சரியாகத் தெரியாது. மறுகாலா, ஊற்றா என்ற கேள்விக்கு 50 மில்லி நீர் சொல்லும் பதிலை அத்தனை பெரிய இயந்திரம் சொல்வதில்லை. அதற்கான சாய மருந்து, ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்துக்குச் சுமை. நீரை எடுத்து நுரையீரல் விரிந்த பிறகு எடுத்தால்தான் அதில் ஒளிந்திருந்ததும் தெரியும். ஆகவே சந்தேகம் மிஞ்சினால் மட்டும், ஊசிக்குப் பிறகு.

அணு மருத்துவ ஸ்கேன் ஒன்று இருக்கிறது. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை வயிற்றுக்குள் செலுத்தி, இரண்டு மணி நேரத்துக்குள் நெஞ்சில் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் துளை இருப்பது உறுதி. இடப்பக்க நீர், வறண்ட வயிறு போன்ற விடை கிடைக்காத கேஸ்களுக்கு நல்லது. எல்லோருக்கும் தேவை இல்லை.

டியூப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சில் குழாய் போட்டு விட்டுவிட்டால் ஒரேயடியாக வடிந்துவிடும் என்று தோன்றும். எங்கோ போட்ட டியூபோடு ஒருவரை என்னிடம் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலைத் தினமும் கொட்ட வேண்டியிருந்தது, தினமும் நிறைந்தது. நின்றால்தானே? வயிற்று நீர் முழுவதும் அந்த வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு புரதம் போனது, உப்புச் சமநிலை போனது, ஐந்தாம் நாள் சிறுநீர் நின்றது. குழாயை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது என்ற நிலை. கல்லீரல் நீருக்கு டியூப் போடக் கூடாது. சீழ் பிடித்திருந்தாலோ, காற்றுக் கசிந்திருந்தாலோ மட்டும்தான் அதற்கு வேலை. 'டியூப் போடப்போகிறோம்' என்று யாராவது சொன்னால், 'சீழா சார்? ஊசியால் எடுத்தால் போதாதா?' என்று வீட்டார் தயங்காமல் கேட்க வேண்டும்.

எங்கே செய்வது

நெல்லைப் பக்கத்தில் இந்தக் கேள்வியும் முடிவில் சேரும். தாலுகா ஊர்களிலேயே எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடலாம். ஊசி போட்டு எடுக்கத் தெரிந்த மருத்துவரும் இருப்பார். ஆனால் அணு எண்ணிக்கை சில மணி நேரத்தில் வேண்டும், கிருமி வளர்ப்பு வேண்டும், இரவில் மூச்சு மோசமானால் பார்க்க ஆள் வேண்டும். இவை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் கிடைக்கும் இடம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நம் மக்களுக்குக் கைக்கு எட்டுவது. 1965-ல் தொடங்கிய கல்லூரி. அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வழியாக 35 கிலோமீட்டர் சுமார். வசதி உள்ளவர்கள் வண்ணார்பேட்டைப் பக்கம் தனியார் இடங்களுக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் கேள்விகள் ஒன்றுதான்.

ஆள் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், காய்ச்சல் அடித்தால், நாள் கிழமை மறந்து உளறினால், உள்ளூரில் ஒரு சோதனையும் செய்துகொண்டு நிற்க வேண்டாம். நேராக ஹைகிரவுண்ட். மற்றபடி நடந்து வரும் நிலையில் இருப்பவருக்கு உள்ளூரிலேயே எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் மூன்றையும் முடித்துக்கொண்டு, ஊசிக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலையே அவருக்கு ஸ்கேன் பார்த்து ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் எடுத்தோம். எடுத்துக்கொண்டிருக்கும்போதே முதுகு நிமிர்ந்தது தெரிந்தது. "ஏ, மூச்சு உள்ள போகுதுட்டீ" என்று மதினியைப் பார்த்துச் சொன்னார். நியூட்ரோஃபில் குறைவு, ஆல்புமின் வித்தியாசம் 1.5, ஏ.டி.ஏ. கீழே, எக்கோ இயல்பு. மறுகால் தண்ணீர்தான். மதினி முதலில் ஊகித்தது சரியாகவே இருந்தது. அதற்காக ஊசி வீண் என்று நான் நினைக்கவில்லை. இனி மாத்திரையைக் கூட்டும்போது என் கை நடுங்காது.

உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராமுக்குள் என்று சொன்னதும் மதினி வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்லிடைக்குறிச்சி அப்பளம்? கூடாது. மோர்மிளகாய்? கூடாது. ஊறுகாய், கருவாடு? அவையும்தான். அண்ணாச்சி முகம் வாடிப்போனது உண்மை. எலுமிச்சையும் மிளகும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"திரும்பக் கோத்தா என்ன செய்ய?" என்பது அடுத்த கேள்வி. கோக்கலாம், துளை அங்கேயேதான் இருக்கிறது. மருந்தும் உப்புக் கட்டுப்பாடும் மீறித் திரும்பத் திரும்ப வந்தால் கல்லீரலுக்குள் ரத்த அழுத்தத்தைக் குறைக்க வழிவெட்டும் டிப்ஸ் சிகிச்சை, தகுதி உள்ளவருக்குக் கல்லீரல் மாற்று என்று கல்லீரல் நிபுணரிடம் பேச வேண்டிவரும். அந்தப் பேச்சை மூச்சு முட்டும் நாளில் தொடங்கக் கூடாது என்று இப்போதே ஒரு முறை போய்ப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன்.

முதல் நாள் ரிப்போர்ட்டின் நகலை எக்ஸ்ரே உறைக்குள்ளேயே போட்டு, உறையின் மேல் தேதியும் 'வலது, 1.1 லிட்டர்' என்றும் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து அவர் வந்தபோது மஞ்சள் பையிலிருந்து மதினி முதலில் எடுத்து வைத்தது அந்த உறையைத்தான்.